பத்தாவது பெயர் யாருடையது?

அமெரிக்காவில் முதலீட்டின் வழியாக வதிவிட உரிமை நாடும் எம்மவர் கவனத்துக்கு

கையிற் பணம் இருந்தால் எந்த நாட்டின் கதவும் தானே திறக்கும் என்றோர் எண்ணம் எம்மவரிடையே வேரூன்றி வருகின்றது. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பையுடன் அந்நிய விமான நிலையங்களில் வந்திறங்கியோருட் பலர் இன்று கடைகளுக்கும் உணவகங்களுக்கும் உரிமையாளர்களாக இருக்கின்றனர். ஒதுங்க இடந்தேடிய காலம் போய், தொழிலை விரிக்க இடந்தேடும் காலம் வந்திருக்கின்றது. இது பெருமைக்குரியதே. ஆயினும் அகதியாய் வந்தபோது நாம் சந்தித்த சட்டம் ஒருவகை. முதலாளியாய்ச் செல்லும்போது சந்திக்கும் சட்டம் முற்றிலும் வேறுவகை. இந்த வேறுபாட்டை அறியாது ஆயுட்காலச் சேமிப்பை இடர்ப்பாட்டுக்குள் தள்ளிவிடக்கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகின்றோம்.

ரொறன்ரோவிற் பலசரக்குக் கடை நடத்தும் அன்பர் ஒருவர் அண்மையில் எம்மைச் சந்தித்தார். கனடியக் குடியுரிமை பெற்றவர். அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திற் பெரியதொரு கடையைத் திறந்து, குடும்பத்துடன் அங்கேயே நிரந்தரமாகக் குடியேற விரும்புகின்றார். அதற்குப் பத்துப் பேருக்கு வேலை கொடுக்கவேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கின்றனர். “பத்துப் பேர்தானே? எங்கடை குடும்பத்துக்குள்ளேயே பதினைஞ்சு பேர் இருக்கினம்” என்று சிரித்தார்.

நாம் ஒரு தாளை எடுத்துக் கொடுத்து, அப்பத்துப் பெயர்களையும் எழுதும்படி கேட்டுக்கொண்டோம். அவர் எழுதினார்: தாம், தம் மனைவி, இரண்டு ஆண் மக்கள், மருமகள், தம்பி, தம்பியின் மகன், ரொறன்ரோக் கடையில் இருபது ஆண்டுகளாக நிற்கும் நம்பிக்கையான ஊழியர். ஒன்பதாவதாக நியூ ஜேர்சியிலேயே நிரந்தர வதிவிடத்துடன் வாழும் மச்சான். பத்தாவது பெயருக்குச் சற்று யோசித்தார். பின்னர், நியூயோர்க்கில் அரசியல் தஞ்சம் வழங்கப்பட்ட வன்னிப் பையன் ஒருவனின் பெயரை எழுதினார்.

அந்தத் தாளில் இறுதியில் எத்தனை பெயர்கள் எஞ்சின என்பதைப் பின்னர் கூறுவோம். முதலில் சட்டத்தைப் பார்ப்போம்.

இரண்டு வாயில்கள்

முதலீட்டாளர் ஒருவர் அமெரிக்காவுக்குட் செல்ல முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று ஈ-2 எனப்படும் ஒப்பந்த நாட்டு முதலீட்டாளர் விசா. மற்றையது ஈபி-5 எனப்படும் முதலீட்டுக் குடிவரவு. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வோர் பலர். ஈ-2 தற்காலிகமானது, எத்தனை முறையும் புதுப்பிக்கலாம், ஆனால் எத்தனை முறை புதுப்பித்தாலும் அது நிரந்தர வதிவிடமாக மாறாது. ஈபி-5 வழியே ‘கிறீன் காட்’ எனப்படும் நிரந்தர வதிவிடத்தைத் தருவது.

ஈ-2 விசா, அமெரிக்காவுடன் அதற்குரிய ஒப்பந்தம் செய்துகொண்ட நாடுகளின் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. கனடா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே, டென்மார்க், அவுஸ்திரேலியா ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. பிரித்தானியாவும் உண்டு, ஆனால் பிரித்தானியக் குடிமகன் பிரித்தானியாவிலேயே வசிப்பவராகவும் இருத்தல் வேண்டும். இந்தியா பட்டியலில் இல்லை. பலர் அறியாத செய்தி என்னவெனில், 1991இற் கைச்சாத்தாகி 1993 மே முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி இலங்கையும் அப்பட்டியலில் இருக்கின்றது என்பதே.

இங்கே ஓர் அபாயத்தைச் சுட்டிக்காட்டவேண்டும். வாழும் நாட்டின் குடியுரிமையை இன்னும் பெறாது, அகதிப் பயணப் பத்திரத்துடன் இருப்போர் அந்நாட்டின் குடிமக்களாகக் கருதப்படார். ‘இலங்கைக் கடவுச்சீட்டு எடுத்தால் ஈ-2 கிடைக்குமே’ என்று அவர்கட்கு யாரேனும் ஆலோசனை சொல்லக்கூடும். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் முதலாம் உறுப்புரை, தாம் தப்பிவந்த நாட்டின் பாதுகாப்பைத் தாமாக விரும்பி மீண்டும் நாடுவோருக்கு அகதி அந்தஸ்து முடிவுறும் என்கின்றது. கடவுச்சீட்டு எடுப்பது அவ்வாறு நாடியதற்கு அடையாளமாகக் கொள்ளப்படலாம். அமெரிக்க விசாவைத் தேடப்போய் இருக்கும் பாதுகாப்பையும் இழக்கும் நிலை நேரக்கூடாது. முதலிற் குடியுரிமை, பின்னர் முதலீடு என்பதே அகதிப் பத்திரம் வைத்திருப்போருக்கு உகந்த ஒழுங்காகும்.

மூன்று அண்ணன் தம்பியர், மூன்று கடவுச்சீட்டுகள்

ஈ-2இற்குத் தொழிலகமும் ஒப்பந்த நாட்டினுடையதாக இருக்கவேண்டும். அதாவது, குறைந்தது 50 வீதமான உரிமை ஒரே ஒப்பந்த நாட்டின் குடிமக்கள் கையில் இருத்தல் அவசியம். எம் குடும்பங்கள் சிதறிய விதத்தை எண்ணிப் பாருங்கள். மூத்தவர் பாரிசில், நடுவிலார் சூரிச்சில், இளையவர் ரொறன்ரோவில். மூவரும் ஒற்றுமையாகச் சமபங்கு போட்டு ஒரு நிறுவனத்தை ஆரம்பிக்கின்றனர். ஒவ்வொருவருக்கும் மூன்றிலொரு பங்கு. மூவரும் ஒப்பந்த நாட்டுக் குடிமக்களே. ஆயினும் எந்த நாட்டுக்கும் பாதி உரிமை இல்லாமையால் அந்நிறுவனம் எந்த ஒப்பந்தத்துக்குள்ளும் அடங்காது. மூவரில் எவருக்கும் ஈ-2 இல்லை. அமெரிக்காவில் நிரந்தர வதிவிடம் பெற்ற உறவினர் ஒருவர் பங்காளியாயின், அவர் எந்தக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் அவருடைய பங்கும் இப்பாதிக்குட் சேராது. பாசத்தாற் போட்ட சமபங்கே தடையாக நிற்கும் விந்தை இது. பங்கு பிரிக்கும் முன்னரே சட்டத்தரணியைக் காணவேண்டியது இதனாலேயே.

ஈ-2இற்கு இன்ன தொகை என்ற குறைந்தபட்ச வரையறை எதுவும் இல்லை. தொழிலின் பெறுமதிக்கு ஏற்பக் கணிசமான தொகை இடப்பட்டிருக்கவேண்டும். அப்பணம் தொழில் நட்டமுற்றால் இழக்கப்படும் நிலையில் இருக்கவேண்டும். அத்தொழிலகத்தின் சொத்தையே ஈடு வைத்துப் பெற்ற கடன் முதலீடாகாது. வேலை கொடுக்கவேண்டியோரின் எண்ணிக்கையும் சட்டத்தில் இல்லை. ஆனால் உரிமையாளரும் அவர் குடும்பமும் உண்டு உடுப்பதற்கு மட்டுமே போதுமான வருமானந் தரும் தொழில் ஏற்கப்படமாட்டாது. பொதுவாக ஐந்தாண்டுகளுக்குள் அதற்கு மேல் வளரும் ஆற்றலைக் காட்டவேண்டும். கணவனும் மனைவியும் மாறிமாறி நின்று நடத்தும் சிறு கடை இவ்விடத்திலேயே தடுமாறுகின்றது. அந்நாட்டவர் சிலருக்குச் சம்பளம் வழங்கப்படுகின்றது என்பதே அதிகாரி எதிர்பார்க்கும் வலுவான சான்று.

ஒவ்வொரு முறையும் இரண்டாண்டுகளுக்குத் தங்க அனுமதி கிடைக்கும். கணவன் அல்லது மனைவி வேலை செய்யலாம். பிள்ளைகள் படிக்கலாம், வேலை செய்யமுடியாது. இருபத்தொரு வயதானதும் பிள்ளை குடும்பத்தின் விசாவிலிருந்து நீங்கிவிடும். பத்து வயதில் அழைத்துச் சென்ற பிள்ளைக்கு, பதினோராண்டுகளின் பின்னர் அந்நாட்டில் நிற்க வேறு வழி தேடவேண்டிவரும். இதனை முதல் நாளே சிந்தித்தல் நன்று.

பத்துப் பேர் என்ற கணக்கு

ஈபி-5, 1990ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தால் உருவாக்கப்பட்டது. அதன் ஆரம்பத்தில் முதலீடு பத்து இலட்சம் டொலராகவும், கிராமப்புறங்களிலும் வேலையின்மை மிகுந்த பகுதிகளிலும் ஐந்து இலட்சம் டொலராகவும் இருந்தது. 2022 மார்ச்சில் வந்த சீர்திருத்தச் சட்டம் இத்தொகைகளை முறையே 1,050,000 டொலராகவும் 800,000 டொலராகவும் நிர்ணயித்தது. 2027 ஜனவரி முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை விலைவாசிக்கேற்ப இவை மாற்றப்படும் எனவும் அதே சட்டம் கூறுகின்றது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 10,000 விசாக்களே இப்பிரிவுக்கு உண்டு. மனைவி, பிள்ளைகளும் அதற்குள்ளேயே எண்ணப்படுவர்.

ஆனால் தொகை பாதிக் கதையே. அம்முதலீடு பத்துப் பேருக்கு முழுநேர வேலையை உருவாக்கவேண்டும். முழுநேரம் என்பது வாரத்துக்குக் குறைந்தது 35 மணித்தியாலம். காலையில் ஒருவர் வந்து உதவுவதும் மாலையில் இன்னொருவர் வந்து நிற்பதும் கணக்கில் வாரா. ஒப்பந்தக்காரராக வந்து வேலை முடித்துச் செல்வோரும் சேரார். ஏற்கெனவே எட்டுப் பேர் வேலை செய்யும் கடையொன்றை வாங்கினால் அந்த எட்டுப் பேரும் நீங்கள் உருவாக்கிய வேலைகள் அல்லர். கடுமையான நட்டத்தில் மூழ்கிய தொழிலை மீட்டெடுப்போருக்கு மட்டுமே அதில் விலக்கு உண்டு.

யார் அந்தப் பத்துப் பேர்? அமெரிக்கக் குடிமக்கள், நிரந்தர வதிவிடம் பெற்றோர், அகதியாக ஏற்கப்பட்டோர், அரசியல் தஞ்சம் வழங்கப்பட்டோர் போன்று அங்கு குடிவரவு உரிமையுடன் வேலை செய்ய அனுமதி பெற்றோரே. மாணவர் விசாவிலோ தற்காலிகத் தொழில் விசாவிலோ இருப்போர் ஆகார். முதலீட்டாளரும், அவருடைய கணவன் அல்லது மனைவியும், அவர்தம் ஆண், பெண் மக்களும் ஆகார்.

இப்போது அன்பரின் தாளுக்குத் திரும்புவோம். அவர் பெயரை வெட்டினோம். மனைவியின் பெயரை வெட்டினோம். மக்கள் இருவரின் பெயர்களையும் வெட்டினோம். மருமகளையும் தம்பியையும் தம்பி மகனையும் உறவுமுறை காரணமாகச் சட்டம் விலக்கவில்லை. ஆனால் அவர்கள் கனடியக் குடிமக்கள், அமெரிக்காவில் வேலை செய்யும் உரிமை அற்றவர்கள். அப்பெயர்களும் போயின. இருபது ஆண்டுக்கால ஊழியரின் பெயரும் அதே காரணத்தாற் போயிற்று. எஞ்சியவை இரண்டு: நியூ ஜேர்சி மச்சானும், அவர் கடைசியாக யோசித்து எழுதிய வன்னிப் பையனும்.

அன்பர் நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப எங்கடை ஆக்களை வைச்சு நடத்தேலாதோ?” என்று கேட்டார்.

எம்மவர் வர்த்தகத்தின் பலம் குடும்பமே. விடியற்காலையில் மரக்கறிச் சந்தைக்குப் போவது தந்தை. கல்லாவில் இருப்பது தாய். பள்ளி விட்டு வந்து பெட்டி அடுக்குவது பிள்ளைகள். சம்பளம் இல்லை, விடுமுறை இல்லை, அதனாலேயே இலாபம். கண்டங்கள் எங்கும் எம்மவர் கடைகள் தலைநிமிர்ந்தது இவ்வாறே. ஆனால் இச்சட்டத்தின் கண்ணில் அவ்வுழைப்புக்கு மதிப்பில்லை. எங்களைத் தூக்கி நிறுத்திய வழியாலேயே அங்கும் நடந்தால் வதிவிடம் கிடையாது.

சம்பளத்தின் பாரம்

பத்துப் பேரின் பாரம் எவ்வளவு? 2009 யூலை முதல் அமெரிக்கக் கூட்டாட்சிக் குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 7.25 டொலர். நியூ ஜேர்சி போன்ற பல மாநிலங்களில் அதனிலும் மிகக் கூடுதலானது. ஆகக்குறைந்த அத்தொகையையே கொண்டாலும், வாரம் 35 மணித்தியாலப்படி ஒருவருக்கு ஆண்டுக்கு 13,195 டொலர். பத்துப் பேருக்கு 131,950 டொலர். முதலாளி செலுத்தவேண்டிய சமூகப் பாதுகாப்பு, மருத்துவக் காப்பு வரிகள் 7.65 வீதத்தையும் சேர்த்தால் 142,000 டொலரைத் தாண்டும். வாடகை, மின்சாரம், கொள்வனவு எல்லாம் இதற்குப் புறம்பு. இத்தனையையும் தாங்கவல்ல விற்பனை உண்டா என்ற கேள்விக்கு, விசாவுக்கு முன்னரே விடை காணவேண்டும்.

வேலைத் திட்டமும் வெறும் பேச்சாக இருத்தல் ஆகாது. 1998இல் அமெரிக்கக் குடிவரவுத் துறை வெளியிட்ட நான்கு முன்மாதிரித் தீர்ப்புகள் இதில் முக்கியமானவை. முதலீட்டாளர் தம் நிறுவனத்துக்குக் கடனாகக் கொடுத்த பணம் முதலீடாகாது எனவும், திருப்பித் தருவோம் என்ற உறுதியுடன் பெறப்படும் பணம் இடருக்கு உட்பட்ட முதலீடாகாது எனவும் அவை கூறின. எந்தெந்த வேலைக்கு, எந்தக் காலப்பகுதியில் ஆட்களைச் சேர்ப்போம் என்பதை விரிவாகவும் நம்பத்தக்கதாகவும் எழுதவேண்டும் எனவும் விதித்தன.

விண்ணப்பம் ஏற்கப்பட்டாலும் முதலிற் கிடைப்பது இரண்டாண்டு நிபந்தனை வதிவிடமே. அவ்விரண்டாண்டு முடிவதற்கு முந்திய 90 நாட்களுக்குள் ஐ-829 என்னும் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்து, பணமும் வேலைகளும் உண்மையானவை எனக் காட்டவேண்டும். சம்பளப் பதிவேடு, வரிப் பத்திரங்கள், ஒவ்வோர் ஊழியரின் வேலைத் தகுதியையும் உறுதிப்படுத்தும் ஐ-9 படிவம் என்பன அப்போது கேட்கப்படும். அந்த ஐ-9, ஊழியர் வேலைக்குச் சேர்ந்த மூன்று வேலைநாட்களுக்குள் பூர்த்தியாக வேண்டியது. பின்னர் தேடிச் சேர்க்கக்கூடியதன்று. உரிய காலத்தில் விண்ணப்பிக்கத் தவறினால் வதிவிடம் தானாகவே முடிவுறும். மனைவி, பிள்ளைகளின் வதிவிடமும் கூடவே போகும்.

இன்னொன்று. ‘தமிழர் மட்டும் தேவை’ என்று பத்திரிகையில் விளம்பரம் போடும் பழக்கம் எம்மிடம் உண்டு. நான்கு பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடங்களில், பிறந்த நாட்டைக் காரணங் காட்டி ஆட்களைத் தெரிவதையும் விலக்குவதையும் அமெரிக்கச் சட்டம் தடை செய்கின்றது. வேலைக்கு உண்மையில் அவசியமாயின் மொழியறிவைக் கேட்கலாம், இனத்தைக் கேட்கமுடியாது.

பணம் வந்த வழி

பணம் நேர்மையாக வந்தது என்பதற்கும் அது கைமாறிய ஒவ்வொரு படிக்கும் ஆதாரம் வேண்டும். ஏழாண்டு வரிப் பதிவுகளைச் சட்டம் கேட்கின்றது. வீடு விற்ற பணம், வங்கிக் கடன், வரி செலுத்திய இலாபம் என்பவற்றைக் காட்டுவது எளிது. சீட்டுக் கட்டி எடுத்த பணம், உறவினரிடம் வாய்ப்பேச்சில் வாங்கிய கைமாற்று, உண்டியல் மூலம் வந்த தொகை என்பவை எம் வாழ்வில் இயல்பானவை. நேர்மையான பணமாகவும் இருக்கலாம். எழுத்தில் இல்லாவிடின் அதிகாரிக்கு அவை வந்த வழி தெரியாத பணமே. உறவினர் அன்பளிப்பாகத் தருவதாயின், அவருக்கு அப்பணம் எவ்வாறு வந்தது என்பதையும் காட்டவேண்டும்.

2022 சட்டத்தின் பின்னர், வதிவிடம் நாடும் இருவர் ஒரே தொழிலிற் கூட்டாக முதலிட விரும்பினால் அது ‘பிராந்திய நிலையம்’ எனப்படும் அங்கீகாரம் பெற்ற அமைப்பின் ஊடாகவே நடைபெறவேண்டும். அவ்வமைப்பின் வழியே முதலிடுவோர் தாமே கடை நடத்தத் தேவையில்லை. மறைமுகமாக உருவாகும் வேலைகளும் பொருளியற் கணிப்பின்படி சேர்க்கப்படும். எளிதாகத் தோன்றும் இவ்வழியிலும் குழிகள் உண்டு. வெர்மொன்ற் மாநிலத்தின் ஜே பீக் பனிச்சறுக்கு விடுதித் திட்டங்களுக்கென 74 நாடுகளைச் சேர்ந்தோரிடமிருந்து 35 கோடி டொலருக்கு மேல் திரட்டப்பட்டது. அதில் 20 கோடி டொலர் முறைகேடாகப் பயன்படுத்தப்பட்டதென 2016 ஏப்ரலில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணைக்குழு வழக்குத் தொடர்ந்தது. அதன் உரிமையாளருக்கு 2022இல் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அத்திட்டங்களுள் ஒன்றான உயிரியல் மருத்துவ ஆய்வுக் கட்டடம் கட்டப்படவேயில்லை. கட்டடம் இல்லையேல் வேலை இல்லை. வேலை இல்லையேல் வதிவிடத்துக்கு ஆதாரம் இல்லை. பணத்தை மட்டுமன்றி, குடியேறும் கனவையும் அவர்கள் அந்நியர் கையில் ஒப்படைத்திருந்தனர்.

வரிசை பற்றியும் ஒரு சொல். ஈபி-5இல் உங்கள் கடவுச்சீட்டு எந்நாட்டினது என்பதன்று, நீங்கள் பிறந்த நாடு எது என்பதே கணக்கு. அண்மைய ஆண்டுகளிற் சீனாவிலும் இந்தியாவிலும் பிறந்தோருக்கே நீண்ட காத்திருப்பு ஏற்பட்டது. இலங்கையிற் பிறந்தோருக்கு அது இல்லை. ஆனால் பெற்றோர் தஞ்சமடைந்திருந்த தமிழ்நாட்டு முகாமிற் பிறந்த எம் பிள்ளைகள் இந்திய வரிசையில் நிற்க நேரலாம். அத்தகையோர், இலங்கையிற் பிறந்த தம் கணவன் அல்லது மனைவியின் பிறந்த நாட்டைக் கொண்டு விண்ணப்பிக்க இடமுண்டு.

முதலிற் செய்யவேண்டியவை

எவருக்கும் முற்பணம் கொடுக்கும் முன்னர் மூன்று தாள்களை எடுத்துக்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். முதலாவதில் குடும்பத்தவர் ஒவ்வொருவரின் குடியுரிமை, பிறந்த நாடு, வயது ஆகியவற்றை எழுதுங்கள். இரண்டாவதில் பணம் வந்த வழியைப் படிப்படியாக எழுதி, ஒவ்வொரு படிக்கும் எதிரே ஆதாரத்தைக் குறியுங்கள். மூன்றாவதில் வேலை கொடுக்கப்போகும் பத்துப் பேருக்கான இடங்களை எழுதுங்கள். மூன்று தாள்களுடனும் அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் தேர்ந்த சட்டத்தரணியிடம் செல்லுங்கள். திட்டத்தை விற்பவரே அழைத்துவரும் சட்டத்தரணி உங்கள் சட்டத்தரணி அல்லர்.

எம்மிடம் வந்த அன்பர் தம் திட்டத்தைக் கைவிடவில்லை. கடையின் அளவையும் சம்பளக் கணக்கையும் மீண்டும் பார்க்கப்போவதாகக் கூறினார். எழுந்து செல்லும்போது, “அந்தப் பெடியனை ஏன் கடைசியாய் எழுதினன் எண்டு எனக்கே விளங்கேல்லை” என்றார்.

எமக்கு விளங்கியது. அந்தப் பையன் குடும்பத்தவன் அல்லன். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் உணவகச் சமையலறைகளிற் கோப்பை கழுவிக்கொண்டிருந்த எம்மவர் பலரும் அவ்வாறே எவருக்கும் உறவற்றவராய் இருந்தனர். அன்று யாரோ ஒரு முதலாளி எழுதிக் கொடுத்த சம்பளச் சிட்டையைப் பத்திரப்படுத்தி, வதிவிட அனுமதி புதுப்பிக்கச் சென்ற இடங்களிலெல்லாம் காட்டினோம். இன்று காலம் மாறி, நாம் பிறருக்கு எழுதிக் கொடுக்கும் சம்பளச் சிட்டையே எமது வதிவிடத்துக்கு ஆதாரமாகின்றது. அச்சிட்டையின் மறுபக்கத்தில் நின்றவர்கள் நாம். ஒழுங்காகச் சம்பளங் கொடுத்து, ஒழுங்காகப் பதிவு செய்யும் முதலாளியின் அருமை எமக்கு எவரும் சொல்லித்தரவேண்டியதன்று.